பல்பு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செங்கோட்டையில் எங்கள் பட்டறைக்கு விளக்குக் கோளாறு வண்டிகளே அதிகம் வரும். புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு இறங்கும் வழியில் பகலிலேயே மழை கண்ணை மறைக்கும். பழைய ஜீப், வேன் வைத்திருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "வெளிச்சம் போதவில்லை அண்ணாச்சி, நூறு வாட்ஸ் பல்பு போட்டுவிடுங்கள்."

நான் போடுவதில்லை. வழக்கமான ஹாலஜன் பல்பு 60/55 வாட்ஸ், அதாவது பிரைட்டில் 60, டிம்மில் 55. பிரைட்டில் ஒன்றுக்கு 5 ஆம்பியர் இழுக்கும். நூறு வாட்ஸ் என்றால் எட்டுக்கும் மேல். பழைய வயரும் சுவிட்சும் அந்தச் சூட்டைத் தாங்காது, ஹோல்டர் உருகிவிடும். எதிரே வருபவர் கண் கூசுவது தனி.

பல்புக்கு வரவேண்டிய வோல்ட்டில் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். அந்த வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடுவதுதான் வேலை. விளக்கை எரியவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை ஹோல்டரின் எர்த் வயரிலும் (கரண்ட் வண்டித் தகடு வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வயர் அது) மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அண்மையில் வந்த ஒரு ஜீப்பில் ஒன்றரைக்கு மேல் காட்டியது. எர்த் போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு, அதற்கும் அடியில் யாரோ அடித்த புதுப் பெயின்ட்! பெயின்ட் மேல் முறுக்கினால் கரண்ட் எப்படித் திரும்பும்? உப்புத்தாளில் தகடு பளிச்சிடும் வரை தேய்த்து முறுக்கி, மேலே வாஸ்லின் தடவியதும் விளக்கு வெள்ளையாக எரிந்தது. வாங்கி வந்த பல்புகளை ஓட்டுநர் திரும்ப எடுத்துப் போனார்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் படபடவென்று அடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரை மாற்றுவது வீண். சூட்டில் இயங்கும் பழைய ஃபிளாஷர் இதற்கு நேர்மாறு, மெதுவாகும் அல்லது சிமிட்டாமல் நிற்கும். எல்இடி போட்டாலும் படபடக்கும், கரண்ட் குறைவாக இழுப்பதால். பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால், பின் விளக்கின் எர்த் போயிருக்கிறது.

நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து சிமிட்டுகிறது, இடம் வலம் மட்டும் வரவில்லை என்றால் பல்புகளைத் தொடவே வேண்டாம். ஃபியூஸையும் சுவிட்சையும் பாருங்கள். மழையில் நான்கையும் போட்டுக்கொண்டே மலையேறுபவர்கள் இங்கே நிறைய. அவர்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்?

ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரியதாக மாற்றாதீர்கள், வெள்ளித் தாளும் சுற்றாதீர்கள். எங்கோ வயர் பாடியில் உரசுகிறது. பழைய ஜீப்பில் முதலில், தகட்டுத் துளையில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இற்றிருக்கிறதா என்று பாருங்கள்.