நாயின் காதுக்குள் குச்சி ஏன் போகக்கூடாது?

மாரி தொடங்கி வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும் காலத்தில் வன்னி வளவுகளில் நிற்கும் நாய்களுக்குக் காது காய்ந்திருக்கும் நாள் குறைவு. வயலுக்குப் போகிறவரின் பின்னால் ஓடும், குளத்தில் இறங்கும், நனைந்த உடம்போடு சாக்கில் வந்து படுக்கும். சில நாளில் தலையை உதறத் தொடங்கும், பின்னங்காலால் காதடியைச் சொறியும், கிட்டப் போனால் புளித்த மணம் வீசும். வீட்டில் உடனே தேடுவது கொட்டன் பட்ஸ். அது இல்லாவிட்டால் ஈர்க்கில் பஞ்சு சுற்றுவார்கள். இரண்டும் நாயின் காதுக்குள் போகக்கூடாது.

மனிதரின் காதுக்குழாய் ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் நீளம், பெரும்பாலும் நேரானது. நாயின் குழாய் உடல் அளவைப் பொறுத்து 5 முதல் 10 சென்ரிமீற்றர் வரை இருக்கும். அதன் வடிவம் ‘ட’ எழுத்தைப் போன்றது. முதலில் கீழ்நோக்கி இறங்கும். பிறகு தலையின் உட்பக்கம் திரும்பிப் படுக்கையாகப் போகும். அந்தப் படுக்கைப் பகுதியின் முடிவில்தான் செவிப்பறை இருக்கிறது. ரோச் அடித்துப் பார்த்தாலும் எங்களுக்குத் தெரிவது இறங்கும் பகுதியின் மேல்பாதி மட்டும்தான். குச்சியை விட்டால் அதன் நுனி கொஞ்ச ஊத்தையை எடுத்து வரும், மிச்சத்தை வளைவுக்கு அப்பால் தள்ளிவிடும். பஞ்சில் ஊத்தை தெரிவதால் காது சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே செவிப்பறையின் மேல் அது அடைந்துகொண்டே போகும்.

உண்மையில் சுகமான காது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. செவிப்பறையிலும் குழாயிலும் உள்ள தோல் உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்து வளர்கிறது. உதிரும் தோலையும் குறும்பியையும் தூசியையும் அதுவே வாயிலுக்குக் கொண்டு வந்துவிடும். ஆகவே உட்புறம் வெளிர் ரோசாவாக, மணமில்லாமல், கொஞ்சம் மண்ணிறக் குறும்பியோடு இருந்தால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மடலைத் தூக்கிப் பார்த்து மணந்து பார்ப்பது போதும். தேவையில்லாமல் அடிக்கடி கழுவினால் குழாயின் தோல் ஊறிப் பலவீனமாகி, கிருமிக்கு இடம் கொடுக்கும். நிமிர்ந்த காதுள்ள ஊர்நாய்களுக்குக் காற்றுப் படுவதால் ஈரம் சீக்கிரம் காயும். லபிறடோர், கொக்கர் ஸ்பானியல் போலக் காது தொங்கும் இனங்களிலும் அவற்றின் கலப்புகளிலும்தான் கவனம் கூடத் தேவை.

அந்தப் புளித்த மணத்துக்குப் பெரும்பாலும் காரணம் மலசீசியா என்ற மதுவம் (ஈஸ்ற் வகைப் பூஞ்சை). சுகமான நாயின் தோலிலும் அது கொஞ்சம் இருக்கும். சூடும் ஈரமும் கூடினால் பெருகி, எண்ணெய்ப் பசையுள்ள மண்ணிற ஊத்தையைத் தோற்றுவிக்கும். மஞ்சள் அல்லது பச்சைச் சீழ் கண்டால் பற்றீரியாவைச் சந்தேகிக்கலாம். குட்டிகளின் காதில் கோப்பித்தூள் போன்ற கறுத்த துகள் நிறைந்திருந்தால் காதுச் சிற்றுண்ணியைச் சந்தேகிக்கலாம். ஆனால் கண்ணால் பார்த்து முடிவு கட்ட முடியாது. வைத்தியர் ஊத்தையைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தே மருந்தைத் தெரிவு செய்வார். அதனால் வைத்தியரிடம் போவதாக இருந்தால் முந்திய ஓரிரு நாளில் காதைக் கழுவாதீர்கள்.

வீட்டில் கழுவவே கூடாத காதுகளும் உண்டு. தொட்டால் கத்துகிற நாய், தலையை ஒரு பக்கம் சரித்து வைத்திருக்கிற நாய், தள்ளாடுகிற நாய், காதிலிருந்து இரத்தமோ சீழோ வருகிற நாய், துளை வீங்கி அடைத்த காது: இவற்றில் செவிப்பறை கிழிந்திருக்கலாம். வீட்டில் அதை அறிய வழியில்லை. கிழிந்த பறை வழியாக ஸ்பிரிற்றோ குளோரெக்சிடீன் என்ற கிருமிநாசினியோ உள்ளே இறங்கினால் நாய்க்குச் செவிடும் நிலைகுலைவும் வரலாம். பற்றைக்குள் ஓடித் திரிந்த நாய் திடீரென ஒரு காதை மட்டும் விடாமல் உதறினால் புல்விதை புகுந்திருக்கக்கூடும். சொரசொரப்பான கூர்விதை ஒவ்வொரு உதறலுக்கும் முன்னேதான் போகும், பின்வராது. அதை எடுக்கவும் வைத்தியர்தான் வேண்டும்.

இனி, என்ன ஊற்றுவது? நாய்க்காதுக்கென்றே தயாரித்த கழுவுநீரைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். அதில் குறும்பியை இளக்கும் பொருளும், பிறகு குழாயைக் காயவைக்கும் மென்மையான அமிலமும் இருக்கும். அது கிடைக்காவிட்டால், மேலே சொன்ன அறிகுறிகள் இல்லாத காதுக்குப் பாமசியில் விற்கும் 0.9 சதவீதச் சேலைன் உதவும். தளர்ந்த ஊத்தையை அது கழுவும், ஆனால் குறும்பியைக் கரைக்காது, காயவைக்கவும் மாட்டாது. திறந்த போத்தலை அடுத்த கிழமைக்கு வைத்திருக்க வேண்டாம்.

தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் ஊற்றும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. எண்ணெய் வளைவில் தங்கி ஊத்தையை ஒட்டவைக்கும். மலசீசியாவோ கொழுப்பை உண்டு வளரும் உயிரி. ஐதரசன் பேரொட்சைட்டு நுரைத்துப் பொங்குவதால் வேலை செய்வதுபோல் தெரியும். ஆனால் அது தோலை உறுத்தி, பின்னால் தண்ணீரைத்தான் விட்டுப்போகிறது. டெற்றோல், ஸ்பிரிற், தேசிக்காய்ப்புளி, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

கழுவும் முன் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். குளிர்ந்த நீர் உட்காதின் சமநிலை உறுப்பைத் தூண்டித் தலைசுற்ற வைக்கும். உதறும்போது தெறிக்கும் என்பதால் முற்றத்தில் செய்வது நல்லது. நாயின் பின்புறம் சுவரைத் தொடும்படி இருத்தி, பழகிய ஒருவர் தோளைப் பிடிக்கட்டும். காதுமடலை மேலேயும் சற்று வெளியேயும் இழுத்தால் இறங்கும் குழாய் நிமிரும். போத்தல் நுனி தோலில் முட்டாமல், நீர் காது வாயிலில் தெரியும்வரை விடுங்கள். நடுத்தர ஊர்நாய்க்கு 3 முதல் 5 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், போதும். சிறிய நாய்க்கு 1 முதல் 2.

மடலை விடாமல், காதின் அடியில் கையில் தட்டுப்படும் கெட்டியான குழாயைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து 20 முதல் 30 விநாடி மெதுவாகப் பிசையுங்கள். சளக் சளக் என்ற சத்தம் நீர் வளைவைத் தாண்டி அசைகிறது என்பதன் அடையாளம். பிறகு கையை எடுத்துத் தள்ளி நில்லுங்கள், நாய் உதறட்டும். வளைவுக்குள் இருப்பதை வெளியே எறிவது அந்த உதறல்தான். கடைசியில் சுட்டுவிரலில் பஞ்சைச் சுற்றி, விரல் போகும் ஆழம் மட்டும் துடையுங்கள். விரல் செவிப்பறைக்கு எட்டாது. பஞ்சு வெளிறி வரும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். சிவப்போ இரத்தமோ கண்டால் நிறுத்துங்கள். நோயில்லாத காதை முதலில் செய்து, அடுத்ததற்குப் புதுப் பஞ்சு எடுங்கள்.

மடலின் மடிப்புகளில் உண்ணி இருந்தால் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக, மெல்ல இழுத்து, ஸ்பிரிற்றில் போடுங்கள். நகத்தால் நசுக்காதீர்கள். குழாயின் ஆழத்தில் இருப்பதைத் தோண்டவும் வேண்டாம். மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து நாய்க்கு மிகச் செறிவானது, காதில் விட்டால் ஆபத்து. உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் படுத்து, பல்முரசு வெளிறினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டி வீங்கினால் ஊசியால் குத்தி வடிக்காதீர்கள். காதடிக் காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தாலும் மண்ணெண்ணெய் ஊற்றாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

நோகும் காது சாதுவான நாயையும் கடிக்க வைக்கும். நீர்வெறுப்புத் தடுப்பூசி போடாத நாயின் காதில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சுத்தம் செய்தும் சில கிழமைகளில் திரும்பத் திரும்ப வரும் காதுநோய்க்குக் காரணம் பெரும்பாலும் காதில் இருப்பதில்லை. தெள்ளு, தூசி, உணவு என்று ஏதோ ஒன்றுக்கு உடம்பின் தோல் முழுவதும் ஒவ்வாமை கொண்டிருக்கும். வைத்தியரிடம் போகும்போது நாய் பாதத்தை நக்குகிறதா, வயிற்றில் சிவப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.