தப்பாக அழுத்தினால் என்ன ஆகிறது? இசை வீடியோ கேம்களைப் பற்றி ஒரு கிதார் ஆசிரியர்

"பையன் கிதார் கேமில் ஐந்து நட்சத்திரம் வாங்குகிறான் சார். ஆரம்பப் பாடங்களை விட்டுவிட்டு நேரே பாட்டு சொல்லிக்கொடுக்க முடியுமா?"

கிதார் கற்றுக்கொடுப்பவன் நான். இந்தக் கேள்வி அவ்வப்போது என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அன்று கேட்ட தந்தையின் மகனுக்கு 13 வயது. கிதாரை அவன் மடியில் வைத்து, சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஓடவிட்டு, ஒரே கம்பியைத் தாளத்துக்குத் தட்டச் சொன்னேன். இம்மி பிசகவில்லை. பல மாதம் பயின்றவர்களிடம்கூட அந்த உறுதியை எளிதில் பார்க்க முடியாது. பிறகு மூன்று ஸ்வரங்களைக் காட்டி, "இவற்றை வைத்து உனக்குப் பிடித்த மாதிரி கொஞ்ச நேரம் வாசி" என்றேன். கை அப்படியே நின்றுவிட்டது. "எதை வாசிக்க வேண்டும்?" என்று கேட்டான்.

அவன்மேல் குற்றமில்லை. 2005இல் ஹார்மோனிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய கிதார் ஹீரோ இயங்கும் விதமே அப்படி. பாட்டு ஏற்கெனவே பதிவாகி உள்ளே இருக்கிறது. திரையில் ஐந்து நிறங்களில் வில்லைகள் இறங்கி வருகின்றன. கிதார் வடிவில் இருக்கும் கேம் கருவியில் இடக்கை அந்த நிறத்துப் பொத்தானைப் பிடிக்க, வலக்கை பட்டையைத் தட்ட வேண்டும். நேரத்துக்குத் தட்டினால் பதிவில் இருக்கும் கிதார் ஒலிக்கும்; தவறினால் அது அடங்கிப்போகும். குழாயின் திருகு மட்டும்தான் ஆடுபவர் கையில். தண்ணீர் வேறொருவர் ஊற்றி வைத்தது. நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தை ஒரு நெம்புகோலால் சற்று வளைத்து ஆட்டலாம். ஒலியில் அவர் செய்யக்கூடிய மாற்றம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இத்தகைய கேம்களை முழுக்க ஒதுக்கச் சொல்லிவந்தேன். அது தவறு. இந்தப் பையனின் தாளத்தைக் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இசையில் ஒரு பாதியை கேம் அவனுக்கு உண்மையாகவே கொடுத்திருக்கிறது: எப்போது என்பதை. எந்த ஸ்வரம் என்ற மறுபாதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

பாகப்பிரிவினை வேறு மாதிரி நடந்த கேம்களும் உண்டு. ஜப்பானியக் கலைஞர் தோஷியோ இவாய் 1987இல் நிண்டெண்டோவின் கேம் கருவியான ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக உருவாக்கிய ஓட்டாக்கியில் எட்டுத் திசைகளில் சுடலாம். எந்தத் திசையில் சுடுகிறோம் என்பதைப் பொறுத்து ஸ்வரம் மாறும். ஸ்வரத்தை ஆடுபவர் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் அவர் சற்று முந்தினாலும் பிந்தினாலும் இயந்திரமே அதைத் தாளத்தோடு ஒட்டவைத்துவிடும். அங்கே தாளம் இயந்திரத்துடையது. 2008இல் நிண்டெண்டோ வெளியிட்ட வீ மியூசிக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள். கையை ஆட்டினால் போதும், பாட்டுக்குப் பொருந்தும் ஸ்வரத்தை கேமே எடுத்துத் தரும். மதிப்பெண் துரத்தல் இல்லை என்பதால் பலர் அதைக் குறை சொன்னார்கள். என் குறை வேறு. எதை ஆட்டினாலும் நன்றாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் குழந்தைக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே பெற்றோர்களிடம் நான் இப்போது ஒரு சோதனையைச் சொல்லி அனுப்புகிறேன். குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "வேண்டுமென்றே தப்பாக அழுத்து" என்று சொல்லுங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒலி அடங்கி மதிப்பெண் குறைந்தால், அது அனிச்சைக்கும் தாளத்துக்கும் நல்ல பயிற்சி. அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தப்புக்குப் பதிலாக வேறொரு ஒலி வந்து, அது வேண்டுமா வேண்டாமா என்று குழந்தையே முடிவுசெய்ய நேர்ந்தால், அங்கேதான் கற்பனைக்கு இடம் இருக்கிறது.

கண்டிப்பான கேம்களுக்குள்ளும் சில நேரம் இந்த இடம் திறக்கிறது. கிதார் ஹீரோ போலவே வில்லைகளைத் தட்டும் ராக் பேண்ட் கேமில் சில பாட்டுகளின் கடைசியில் வில்லைகள் நின்றுவிடும். எதை வேண்டுமானாலும் அடிக்கலாம், மதிப்பெண் ஏறிக்கொண்டே போகும். முடிவில் வரும் சில அடிகளைத் தவறவிட்டால் அத்தனையும் போய்விடும். ஆவர்த்தனம் முழுக்கச் சுற்றியலைந்துவிட்டு, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும், கச்சேரியில் மிருதங்கம் தனியே ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் பதற்றம் அதில் கொஞ்சம் இருக்கிறது. 1996இல் மசாயா மட்சுவுரா வடிவமைத்த பராப்பா தி ராப்பர் இன்னும் துணிச்சலானது. கேமில் வரும் ராப் ஆசிரியர் பாடும் வரியை, திரை காட்டுகிறபடி அப்படியே பராப்பாவைத் திருப்பிச் சொல்ல வைத்தால் 'குட்' தரம் வரைக்கும்தான். அதற்கு மேலே 'கூல்' தரத்துக்குப் போக வேண்டுமானால் காட்டாததைச் சொந்தமாகச் சேர்க்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தால் ஆசிரியர் விலகிக்கொள்ள, பராப்பா தனியே பாடுவான். ஆசிரியனாக எனக்கு மிகவும் பிடித்த கேம் அது.

என் மாணவர்களிடம் கற்பனை அதிகம் பிறந்தது எங்கே என்று கேட்டால், இசைக்காகவே செய்யப்பட்ட கேம்களைச் சொல்ல மாட்டேன். 11 வயதுச் சிறுமி ஒருத்தி, கட்டைகளை அடுக்கி விரும்பியதைக் கட்டும் கேமான மைன்கிராஃப்டில் தான் கட்டிய பாட்டைக் காட்டினாள். அதில் இசைக் கட்டைகள் உண்டு. ஒவ்வொரு முறை தட்டும்போதும் சுருதி அரைப்படி ஏறும். இரண்டு ஸ்தாயிக்கு 25 நிலைகள். கட்டைக்குக் கீழே மரம் இருந்தால் பேஸ், மணல் இருந்தால் ஸ்னேர் டிரம். அடுத்த கட்டையை ஒலிக்கவைக்கும் சைகையைத் தாமதித்து அனுப்ப, கட்டைகளுக்கு நடுவே வைக்கும் ரிப்பீட்டரில் ஒரு படியிலிருந்து நான்கு படிவரை தாமதம் வைக்கலாம். ஒரு படி என்பது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அவள் பாட்டு மூன்றாவது சுற்றில் நொண்டியது. கேம் எதுவும் சொல்லவில்லை. அவளே முகத்தைச் சுளித்து, வரிசையோடு பின்னால் நடந்துபோய், ஒரு ரிப்பீட்டரை ஒரு படி குறைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். தவறைச் சொன்னது அவள் காது. அதை உருவாக்கத்தான் நான் வகுப்பில் மாதக்கணக்கில் பாடுபடுகிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கேமுக்குள் செய்த இசை கேமின் ஆயுளோடு கட்டப்பட்டது. பாட்டுகளைக் கலந்து புதிதாக்க உதவிய ஃபியூசர் 2020இல் வந்தது. 2022 டிசம்பரில் அதன் விற்பனையும் இணையச் சேவையும் நின்றுபோயின. 2005இல் வந்த இவாயின் எலெக்ட்ரோபிளாங்டனில் பத்து வகை உயிரிகளை வைத்து இசை செய்யலாம், ஆனால் செய்ததைச் சேமிக்கவே வழியில்லை. குழந்தை நல்லதாக ஒன்றைச் செய்தால் அன்றைக்கே கைப்பேசியில் பதிவுசெய்து வையுங்கள்.

அந்த 13 வயதுப் பையனை ஆரம்பப் பாடத்திலேயே சேர்த்துக்கொண்டேன். தாளப் பயிற்சிகளைத் தாண்டவிட்டு, அந்த நேரத்தைக் கேள்வி-பதிலுக்கு ஒதுக்கினேன்: நான் ஒரு வரி வாசிப்பேன், அவன் வேறொரு வரியால் பதில் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என் வரியையே திருப்பித் தந்தான். நான்காவது வாரம், கடைசி ஸ்வரத்தில் இறங்க வேண்டிய இடத்தில் ஏறினான். வாசித்த கையோடு, நட்சத்திரம் எத்தனை என்று தேடுவதுபோல என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரியை வாசித்தேன்.