ஹோர்ன் அடித்தால் சைக்கிள் ஏன் வலப்பக்கம் வெட்டுகிறது?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து வான் சாரதி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காங்கேசன்துறை வீதியில சைக்கிளுக்குப் பின்னால போய் ஹோர்ன் அடிச்சா, இடப்பக்கம் ஒதுங்க வேண்டிய ஆள் ஒருக்கா வலப்பக்கம் வெட்டிப்போட்டுத்தான் ஒதுங்கிறார். வேணுமெண்டு செய்யினமோ?"

வேண்டுமென்று செய்யவில்லை. இடப்பக்கம் போக நினைக்கிற சைக்கிள் முதலில் வலப்பக்கம் போயே ஆகவேண்டும். இதை இரு தரப்பும் விளங்கிக்கொண்டால் எங்கள் வீதிகளில் நடக்கும் பாதி ஏச்சுப் பேச்சு இல்லாமற் போகும் என்பது என் நம்பிக்கை.

ஒரு தும்புத்தடியை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்துச் சமநிலைப்படுத்திப் பாருங்கள். தடி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே கை ஓடும். சைக்கிளில் தடி என்பது ஓட்டுபவரின் உடம்பு, கை என்பது சக்கரங்கள் நிலத்தைத் தொடும் இடம். வலப்பக்கம் சாய்ந்தால் ஹாண்டில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அப்போதுதான் சக்கரம் உடம்புக்குக் கீழே வந்து தாங்கும். உடம்பின் திணிவு மையம் நிலத்திலிருந்து ஏறக்குறைய 1 மீற்றர் உயரம் என்று எளிதாகக் கணக்கிட்டால், திருத்தாமல் விட்ட சாய்வு அரைச் செக்கனுக்குள் இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும். அதனால் எந்தச் சைக்கிளும் நேர்கோட்டில் போவதில்லை. மழை விட்ட கையோடு, தேங்கிய வெள்ளத்தைக் கடந்துபோன சைக்கிளின் ஈரத் தடத்தைப் பாருங்கள். இரண்டு நெளிகோடுகள் பின்னிப் பின்னிப் போயிருக்கும்.

இனி இடப்பக்கம் ஒதுங்குவதற்கு வருவோம். சைக்கிள் இடப்பக்கம் வளைய வேண்டுமென்றால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாயாமல் ஹாண்டிலை மட்டும் இடப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் ஓட, உடம்பு வலப்பக்கம் விழும். உடம்பை இடப்பக்கம் சாய்ப்பது எப்படி? தும்புத்தடியை இடப்பக்கம் சாய்க்க, கையை வலப்பக்கம் இழுப்பீர்கள் அல்லவா? அதே வேலைதான். ஹாண்டில் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது, சக்கரங்கள் வலப்பக்கம் விலகுகின்றன, உடம்பு இடப்பக்கம் சாய்கிறது. அதன் பிறகே ஹாண்டில் இடப்பக்கம் திரும்பிச் சைக்கிள் வளைகிறது. மணிக்கு 15 கிலோமீற்றரில், 10 மீற்றர் ஆரையுள்ள வளைவுக்கு 10 பாகை சாய்வு வேண்டும். அந்தச் சாய்வு கிடைக்க, சக்கரங்கள் திணிவு மையத்தின் நேர்கீழிலிருந்து 17 சென்ரிமீற்றருக்கு மேல் விலகியாக வேண்டும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. அந்த விலகல், பின்னால் வரும் வான் இருக்கும் பக்கமாகத்தான்.

ஆறுதலாக ஒதுங்கும்போது இந்த விலகல் கண்ணுக்கே படாது. பயந்து சடாரென்று ஒதுங்கும்போது முழுதாகத் தெரியும்.

விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைற், சைக்கிள் ஓட்டிகள் பலரிடம் "இடப்பக்கம் எப்படித் திருப்புகிறீர்கள்?" என்று கேட்டுப் பார்த்தார். முதற் கேள்விக்கே முழுமையான சரியான விடை சொன்னவர் ஒருவரும் இல்லை. கைக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியவில்லை. நீங்களே சோதிக்கலாம். வெறுமையான மைதானத்தில் நடுத்தர வேகத்தில் போகும்போது, பிடியை இறுக்காமல், இடக்கை உள்ளங்கையால் ஹாண்டிலை மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். ஹாண்டில் வலப்பக்கம் திரும்பும், சைக்கிளோ இடப்பக்கம் போகும். முதல் தடவை திடுக்கிட வைக்கும்.

சைக்கிள் தானாகவே இப்படித் திருத்திக்கொள்வது எதனால் என்பது நீண்ட கதை. 1899 இல் விப்பிள் என்ற ஆங்கிலேயர் சைக்கிளின் அசைவுக்குச் சமன்பாடு எழுதினார். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். 1970 இல் டேவிட் ஜோன்ஸ் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி அந்த விளைவை நீக்கிய பின்பும் சைக்கிள் ஓடியது. 2011 இல் டெல்ஃப்ற், கோர்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பம்பர விளைவும் முன்சக்கரத்தின் பின்தள்ளலும் (ஹாண்டில் தண்டின் கோடு நிலத்தைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் சக்கரம் நிலத்தைத் தொடுவது) இல்லாமலே தானாக நிமிர்ந்து ஓடும் ஒரு சின்ன வண்டியைச் செய்து காட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை தினமும் மிதிக்கிற பொருளில் நூறு வருடத்துக்கு மேல் விடை தேடியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வேகம் குறைந்தால் நெளிவு கூடும். ஒரு பாகை சாய்வைத் திருத்த மணிக்கு 16 கிலோமீற்றரில் அரைப் பாகை ஹாண்டில் திருப்பம் போதும். 8 கிலோமீற்றரில் 2 பாகை வேண்டும். வேகம் பாதி, திருப்பம் நான்கு மடங்கு. கரியரில் அரிசி மூட்டையோடு மெல்ல மிதிக்கும் ஐயா ஆடி ஆடிப் போவது வயதால் மட்டுமல்ல. திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையை ஹாண்டிலில் தொங்கவிடுவது இன்னும் மோசம். பை ஊசலாகி ஆடும், திருத்தமும் பிந்தும். பையைக் கரியரில் கட்டுங்கள்.

அடுத்தது வீதி விளிம்பு. "ஓரமாப் போ" என்று எல்லோரும் சொல்வார்கள். காப்பெற் போட்ட வீதிகளில் தார் விளிம்பு பக்கத்து மண்ணைவிட உயர்ந்து நிற்கும். விளிம்போடு ஒட்டி ஓடுபவர் வலப்பக்கம் விலக நினைத்தால் சக்கரம் முதலில் இடப்பக்கம் போகவேண்டும். அங்கே பள்ளம். அவர் மாட்டிக்கொண்டார். மண்ணில் இறங்கியவர் சரிவாகத் தாரில் ஏற முயன்றால் சக்கரம் விளிம்பில் உரஞ்சும், ஏறாது. ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்த உடம்பைத் தாங்கச் சக்கரம் வராததால் ஆள் வீதிப் பக்கமாகவே விழுவார். மண்ணில் இறங்கிவிட்டால் நின்று, தூக்கி வைத்து ஏறுங்கள். ஓடும்போது விளிம்பிலிருந்து அரை மீற்றருக்குக் குறையாமல், முடிந்தால் முக்கால் மீற்றர் விட்டு ஓடுங்கள். சாரதிமாரே, அப்படி ஓடுபவர் உங்களுக்கு வழி மறிக்கவில்லை. அந்த முக்கால் மீற்றருக்குள்தான் அவருடைய சமநிலை இருக்கிறது.

இனி ஹோர்ன். 5 மீற்றரில் அடிக்கும் ஹோர்னின் ஒலிச்செறிவு, 40 மீற்றரில் அடிப்பதைப்போல 64 மடங்கு. திடுக்கிட்டவர் வலத்தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறார். தோள் திரும்ப, வலக்கை பின்னுக்கு இழுக்க, ஹாண்டில் வலப்பக்கம் திரும்புகிறது. 40 மீற்றரில் ஒரு சின்ன "பீப்" போதும். நீங்கள் மணிக்கு 40, அவர் 15 என்றால் கிட்டப் போக 5 செக்கனுக்கு மேல் இருக்கிறது. ஆறுதலாக ஒதுங்க அது தாராளம். சைக்கிள்காரருக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். திரும்பிப் பார்க்கும்போது வலக்கையை ஹாண்டிலிலிருந்து எடுத்துத் தொடையில் வையுங்கள். தோள் திரும்பினாலும் ஹாண்டில் இழுபடாது. பார்த்த பிறகு அதே கையை உயர்த்திக் காட்டினால் பின்னால் வருபவருக்கு "கண்டுவிட்டேன்" என்ற செய்தியும் போகும்.

வாகனம் சைக்கிளை விலத்தி முந்தும்போது எவ்வளவு இடம் விடவேண்டும்? பிரித்தானியாவின் வீதி விதித்தொகுப்பு 2022 முதல், மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் குறைந்தது 1.5 மீற்றர் என்கிறது. விளிம்பிலிருந்து முக்கால் மீற்றர், ஹாண்டிலின் பாதி 30 சென்ரிமீற்றர், அதோடு 1.5 மீற்றர். வாகனத்தின் இடப்பக்கம் விளிம்பிலிருந்து இரண்டரை மீற்றருக்கு அப்பால் நிற்கவேண்டும். எதிர்ப்பக்கம் வெறுமையாக இல்லாவிட்டால் விலத்த இடமில்லை என்பதே இதன் அர்த்தம். காத்திருந்தால் இழப்பு என்ன? 200 மீற்றருக்கு 15 கிலோமீற்றரில் பின்னால் போனால், 40 இல் போவதைவிட 30 செக்கன் கூட. அவ்வளவுதான்.

ஆனையிறவு போன்ற வெட்டையில் காற்றும் சேரும். தெற்கே பரந்தன் பக்கம் போகையில், தென்மேற்குக் காற்றான சோளகம் வலப்பக்கத்திலிருந்து அடிக்க, ஓட்டுபவர் அதற்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்தே போவார். விலத்தும் பஸ் காற்றை மறைத்ததும் அந்தச் சாய்வைத் தாங்க ஒன்றுமில்லை. பஸ் பக்கமாகச் சரிவார். அங்கே இரண்டு மீற்றர் விடுங்கள்.

எங்கள் வீதிகளில் விலத்தும் இடைவெளியை அளப்பது கடினமில்லை. 2006 இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வோக்கர் சைக்கிளில் மீயொலி உணரியைப் பூட்டி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வாகனங்கள் விலத்திய தூரத்தை அளந்தார். அந்த உணரி இன்று மலிவானது. கிளிநொச்சியில் இருக்கும் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் ஒருவர் ஒரு தவணையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. இத்தகைய சின்ன ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். புது வாகனத்துக்குத் தேசிக்காய் வைத்து ஏறுவது அவரவர் நம்பிக்கை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது சைக்கிளுக்கு இடைவெளி தராது.

கடைசியாக, சைக்கிள்காரர் வீட்டிலேயே பார்க்கவேண்டிய ஒன்று. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சட்டத்தை இடப்பக்கம் சாயுங்கள். சக்கரம் தானாக இடப்பக்கம் விழவேண்டும், வலப்பக்கம் சாய்த்தால் வலப்பக்கம். நடுவில் பிடித்து நின்றால் ஹாண்டில் தண்டின் கோன் (தண்டைச் சுற்றியுள்ள போல்ஸை அழுத்திப் பிடிக்கும் திருகுமூடி) அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கிறது, அல்லது போல்ஸ் (இரும்புக் குண்டுகள்) தேய்ந்து கிண்ணத்தில் குழி விழுந்திருக்கிறது. அந்தச் சைக்கிள் அரைப் பாகைத் திருத்தத்தைச் செய்யவே முடியாமல் அலைந்துதான் ஓடும். கோனைக் கால் சுற்றுத் தளர்த்தி, கிறீஸ் வைத்து, முன்பிறேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தண்டில் "டக்" என்று ஆட்டம் இருந்தால் மீண்டும் சற்று இறுக்குங்கள். குழி விழுந்த கிண்ணத்தை மாற்றத்தான் வேண்டும்.