ஒரு கண்மாயை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை

கோடையில் கருவை என்கிற சீமைக்கருவேலத்தின் நெற்று (முற்றிய காய்) உதிரும் நாட்களில் ஆட்டுக்கிடை போட்டு எழுப்பிய புஞ்சைகளை, முதல் மழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பது தேவகோட்டை வட்டாரத்தில் வேளாண் பணியிலிருந்தபோது எனக்கு வழக்கம். காய்ந்த புழுக்கை ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பிளந்தால், அதற்குள்ளிருந்தே சீமைக்கருவேல நாற்று ஒன்று இரண்டு விதையிலைகளுடன் எட்டிப் பார்க்கும். ஓடு கெட்டியான அந்த விதை ஆட்டின் வயிற்றில் செரிப்பதில்லை. முளைக்கும் பக்குவத்தோடு வெளியே வருகிறது. ஓர் ஊர்க் கண்மாயில் நெற்றுத் தின்ற ஆடு மறுநாள் அடுத்த ஊரில் கிடக்கிறது என்பதால், ஊராட்சி எல்லைக் கல்லுக்கு இந்தச் செடியிடம் எந்த மதிப்பும் இல்லை.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1877இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், வேலியாகவும் விறகாகவும் கரிமூட்டமாகவும் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் நீர்ப்பிடிப்புக்குள் அது காடாக அடைந்துகொண்டதன் விலையை நம் கண்மாய்களே சொல்கின்றன. இதை அகற்ற 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கெனத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. குறை உத்தரவில் இல்லை, அதை ஊர் ஊராகத் துண்டுபோட்டு நிறைவேற்றுவதில்தான் இருக்கிறது.

செட்டிநாட்டில் கண்மாய்கள் தனித்தனியாக இல்லை. மேல் கண்மாய் நிறைந்து, உபரிநீர் வெளியேறும் கலுங்கு பாய்ந்தால், அந்த நீர் வரத்துக்கால் என்னும் வாய்க்கால் வழியே கீழ்க் கண்மாய்க்கு வரும். அங்கிருந்து அடுத்ததற்குப் போகும். ஆனால் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. செட்டிநாடே சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடப்பதால், சில இடங்களில் தண்ணீர் மாவட்ட எல்லையையும் தாண்டுகிறது. நான் அறிந்த ஓர் ஊராட்சி, ஊர்ப் பணத்தையும் சேர்த்துப் போட்டு, ஜேசிபி வைத்துத் தன் கண்மாயை அப்பழுக்கில்லாமல் சுத்தம் செய்தது. மேல் கண்மாய் வேறு நிர்வாகத்தில் இருந்தது; அங்கே ஒரு மரத்தைக்கூட யாரும் தொடவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்துப் போனபோது, மேலிருந்து விதையோடு கலுங்குத் தண்ணீர் வந்து தேங்கிய விளிம்பெங்கும் இடுப்பளவுக் கருவை நின்றது. ஊர்ப் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க காசு மண்ணாப் போச்சுங்க ஐயா" என்றார். அவருக்கு என்னிடம் பதில் இல்லை.

கண்மாய்க் கருவையை வெட்டி எடுக்க விடும் ஏல முறையையும் மாற்றியாக வேண்டும். ஏலம் எடுத்தவருக்கு விறகுதான் வேண்டும், வேர் வேண்டாம். தரைமட்டத்தில் வெட்டிவிட்டுப் போனால், ஒரு தண்டு நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டுகள் துளிர்த்து முன்னிலும் அடர்த்தியாகின்றன. வேர்க்கழுத்துக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி ஆழத்தில் தூரை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒரே வரத்துக்காலில் உள்ள எல்லாக் கண்மாய் ஏலத்திலும் இருக்க வேண்டும்; முன்பணத்தில் ஒரு பகுதியை அடுத்த மழைக்குப் பிறகு துளிர்ப்பைப் பார்த்தே திருப்பித் தர வேண்டும்.

காட்டுப்பன்றிச் சிக்கலும் இதோடு பின்னியதுதான். பகலில் கருவைப் புதரில் படுத்துக் கிடந்து, இரவில் கடலைக் கொல்லையைக் கிளறிப் போடுகின்றன. ஓர் ஊர் புதரை அழித்தால் அவை அடுத்த ஊர்ப் புதருக்கு இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். 2025 ஜனவரியில் அரசு அறிவித்த விதியின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் மட்டுமே சுடலாம். எனவே பக்கத்து ஊர்கள் சேர்ந்து சேதக் கணக்கு எழுதி, கூட்டாக மனுக் கொடுங்கள். மின்வேலியும், கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயும் வேண்டவே வேண்டாம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர் உயிரையும் வாய் கிழிந்து வரும் மாட்டையும் எண்ணிப் பாருங்கள்.

நியூசிலாந்தில் 1993ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மண்டல மன்றங்கள் களைகளையும் தீங்கு விலங்குகளையும் ஒரே திட்டத்தில் வைத்துக் கையாள்கின்றன. தன் நிலத்துக் களை, அதைக் கட்டுப்படுத்தி வரும் பக்கத்து நிலத்துக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற 'நல்ல அண்டை' விதியும் அத்திட்டங்களில் உண்டு. அது அரசு நிலத்தையும் கட்டுப்படுத்தும். நமக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான்.

மே 1 கிராம சபை நடக்கும்போது கண்மாய் வறண்டு, நெற்றும் உதிர்ந்து கிடக்கும். அன்று ஒரே வரத்துக்காலில் உள்ள எல்லா ஊராட்சிகளும் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றலாம்: மேல் கண்மாயில் தொடங்கிக் கீழ் நோக்கி அகற்றுதல், கிடை ஆடுகளை நெற்று உதிரும் கண்மாய்களில் விடாதிருத்தல், நெற்றைப் பொறுக்கி அரைத்துத் தீவனமாக்குதல், மூன்று ஆண்டுகள் நாற்றுப் பிடுங்குதல். அரைத்தால் விதை சாகும், தீவனமும் மிஞ்சும். எந்தக் கலுங்கு எந்தக் கண்மாய்க்குப் பாய்கிறது என்பது பாசனத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் ஊர் நீர்ப்பாய்ச்சிக்கு மனப்பாடம். தீர்மானம் எழுதும் முன் எல்லா ஊர்த் தலைவர்களும் அவரை முன்னே விட்டு வரத்துக்காலை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.