கைமுறையில் கிடக்கும் தானியங்கி

திருகோணமலைத் தொழிற்சாலைகளில் பதினைந்து ஆண்டுகளாகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரித்து வருகிறேன். "எல்லாம் தானியங்கி ஆகிவிட்டது, இனிக் காபன் வெளியேற்றம் குறைந்துவிடும்" என்று முகாமையாளர்கள் சொல்லும்போது, இன்று எத்தனை கருவிகள் தானியங்கியை விலக்கி, ஆள் வைத்த நிலையிலேயே, அதாவது கைமுறையில், ஓடுகின்றன என்றுதான் முதலில் கேட்பேன்.

சீனன்குடாப் பக்கம் ஓர் ஆலையில், தூசி உறிஞ்சும் பெரிய விசிறிக்கு வேகக் கட்டுப்படுத்தி பொருத்தியிருந்தார்கள். நல்ல முதலீடு. விசிறியின் வேகத்தை 80 வீதமாக இறக்கினால், அது இழுக்கும் மின்வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் நான் போன அன்று விசிறி முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது. அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மெல்லிய குழாயைத் தூசி அடைத்திருந்தது. அளவு தாறுமாறாகக் காட்டவே, இரவுப் பணியில் இருந்தவர் கைமுறைக்கு மாற்றி முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். அவர் செய்தது சரிதான். இல்லாவிட்டால் தூசி ஊருக்குள் போயிருக்கும். அதன்பின் ஐந்து மாதங்களாக எவரும் அந்தக் குழாயைத் திறந்து பார்க்கவில்லை என்பதே எனக்குத் தாங்கவில்லை. ஊதிச் சுத்தம் செய்ய இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

உலகம் நுகரும் மின்சாரத்தில் 40 வீதத்துக்கு மேல் மோட்டார்களுக்கே போகிறது. நம் மாவட்டத்தில் வரவிருந்த சம்பூர் நிலக்கரி அனல் மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது உண்மை. ஆனாலும் நம் மோட்டார்களுக்கு வரும் மின்சாரத்தில் நுரைச்சோலை அனல் மின் நிலையம் எரிக்கும் நிலக்கரியின் பங்கும் கலந்தே இருக்கிறது.

தானியங்கியால் முடியாததும் உண்டு. உலகக் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 7 வீதமளவு சீமெந்துத் துறையினுடையது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று; சூளையில் சுண்ணாம்புக்கல் சிதையும்போது கல்லிலிருந்தே வெளியேறுவது. கணினி சுவாலையைச் சீராக வைத்து எரிபொருளை மிச்சப்படுத்தலாம். கல்லின் வேதியியலை மாற்றாது. சூளையில் சுட்டெடுக்கும் சீமெந்துக் கட்டிகளான கிளிங்கரைக் குறைத்து நிலக்கரிச் சாம்பலைக் கலப்பது போன்ற முடிவுகளை மனிதர்தான் எடுக்க வேண்டும். மிச்சமான செலவில் உற்பத்தியைக் கூட்டினால், மொத்தப் புகை ஏறவும் கூடும்.

உங்கள் ஆலையிலும் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த விடுமுறை நாளில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, காற்றுக் கம்பிரஸரை மட்டும் இயங்கவிட்டு அருகே நில்லுங்கள். காற்றைப் பயன்படுத்த எவருமில்லாதபோதும் அது அடிக்கடி சுமையேறி, மீண்டும் காற்றை அழுத்தத் தொடங்கி இரைந்தால், எங்கோ குழாய் கசிகிறது. சவர்க்கார நீரோடு இணைப்பு இணைப்பாகப் போய்ப் பாருங்கள்.