கடன் கொடுக்கும் வங்கிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

நாம் போட்ட பணத்தை எடுத்துத்தான் வங்கி அடுத்தவருக்குக் கடன் கொடுக்கிறது என்றால், கடன் கொடுத்த அன்று நம் கணக்கில் இருப்பு குறைய வேண்டுமே? ஒரு காசுகூடக் குறைவதில்லை.

பாடநூல் சொல்வது தெரிந்ததுதான்: 100 வந்தால் 10 ஒதுக்கி 90 கடன், அது திரும்பி வந்தால் 81 கடன், இப்படியே போய்க் கடைசியில் மொத்த வைப்பு 1,000. கணக்கு அழகானது, நடப்பு அதுவல்ல. 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி கட்டாய இருப்பு விகிதத்தை, அதாவது 100-இல் ஒதுக்க வேண்டிய அந்தப் பங்கை, பூஜ்யமாக்கியது. சூத்திரப்படி பணம் முடிவில்லாமல் பெருகியிருக்க வேண்டும். அப்படிப் பெருகவில்லை. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியே 2014-இல் தன் காலாண்டு இதழில் இதை விளக்கிவிட்டது. பல பாடநூல்கள் இன்னும் அசைந்தபாடில்லை.

நடப்பது இது. வீடு வாங்க உங்களுக்கு 10,00,000 கடன் ஒப்புதலாகிறது. பெட்டகத்தை யாரும் திறப்பதில்லை. ஏட்டில் ஒரே கணத்தில் இரண்டு பதிவுகள்: சொத்துப் பக்கம் ‘வரவேண்டிய கடன் 10,00,000’, பொறுப்புப் பக்கம் (வங்கி பிறருக்குத் தர வேண்டியவை) ‘உங்கள் கணக்கில் வைப்பு 10,00,000’. இரு பக்கமும் சமம், ஏடு நேராக நிற்கிறது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன் உலகத்தில் எங்குமே இல்லாத 10,00,000 இப்போது செலவழிக்கத் தயாராக இருக்கிறது. இரட்டைப் பதிவு முறையின் ஆகச் சிறந்த வித்தை இதுதான்.

வீட்டை விற்றவரின் கணக்கு வேறு வங்கியில் இருந்தால்தான் சோதனை தொடங்கும். மத்திய வங்கியில் உங்கள் வங்கி வைத்திருக்கும் கணக்கிலிருந்து அந்தத் தொகை அடுத்த வங்கியின் கணக்குக்குப் போயாக வேண்டும். அதைப் பேனாவால் உண்டாக்க முடியாது. ஒரு நாளில் போவதும் வருவதும் பெரும்பாலும் ஈடாகிவிடும். துண்டு விழுவதை மட்டும் மற்ற வங்கிகளிடம் கைமாற்றாகவோ, மத்திய வங்கியிடம் கடனாகவோ வாங்கிச் சமாளிக்கிறார்கள். கூடுதல் வட்டி காட்டி வைப்புத்தொகை திரட்டுவதும் இதற்காகத்தான்.

அசலைத் திருப்பிக் கட்டும்போது அதே இரண்டு பதிவுகளும் அழிகின்றன, பணமும் மறைகிறது. வட்டி மறைவதில்லை, வங்கியின் வருமானமாகிச் சம்பளம், செலவு என்று மீண்டும் வெளியே வருகிறது.

‘வங்கி காற்றிலிருந்துதானே பணம் செய்தது, கடனைக் கட்டவே தேவையில்லை’ என்று காணொளி போடுகிறவர்கள் தாயத்து விற்பவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். நீங்கள் கட்டாவிட்டால் சொத்துப் பக்கத்தில் 10,00,000 போய்விடும். வீட்டை விற்றவரின் வைப்பு போகாது, அவருக்கு யாராவது ஒரு வங்கி பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பள்ளத்தை நிரப்புவது பங்குதாரர்களின் மூலதனம். வங்கிகளுக்கான பன்னாட்டு விதியான பாசெல் விதிப்படி, இடர் எடையிட்ட சொத்தில் (இடருக்கு ஏற்ப ஒவ்வொரு கடனையும் கூட்டியோ குறைத்தோ மதிப்பிட்ட தொகையில்) குறைந்தது 8% மூலதனம் வேண்டும். முழு எடையுள்ள 10,00,000 கடனுக்கு அது 80,000. அந்தக் குறைந்தபட்சத்தில் ஓடும் வங்கிக்கு, பன்னிரண்டரைக் கடனில் ஒன்று முழுதாக மூழ்கினால் மூலதனம் காலி.

கடன் மூழ்காமலும் வங்கி மூழ்கலாம். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி வைத்திருந்தவை பெரும்பாலும் அரசுப் பின்பலமுள்ள நீண்டகாலப் பத்திரங்கள். வட்டி விகிதம் ஏறியதால் அவற்றின் சந்தை விலை சரிந்தது. செய்தி பரவியதும் 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் வாடிக்கையாளர்கள் 4,200 கோடி டாலரை எடுக்கக் கோரினார்கள். மத்திய வங்கிக் கணக்கில் அவ்வளவு இல்லை. மறுநாள் வங்கி மூடப்பட்டது.