புறாவுக்கு வழி காட்ட ஏலாது, வீட்டைத்தான் காட்டலாம்

போன கிழமை எங்கட திருகோணமலை பாலையூற்றில ஒரு பெடியன் வந்து கேட்டான், "அண்ணே, வீடு திரும்புற ஹோமர் புறா எண்டு சொல்லித்தான் தந்தவங்க, கூட்டைத் திறந்து விட்டன், திரும்பி வரவேயில்ல". எத்தினை நாள் வச்சிருந்தாய் எண்டு கேட்டன். ரெண்டு நாளாம். அது திரும்பித்தான்டா போயிருக்கு, ஆனா உன்ட வீட்டுக்கில்ல, அதுட வீட்டுக்கு எண்டு சொன்னன். முகம் சுருங்கிப்போச்சு. புறா பழக்கிறதில முக்கால்வாசிப்பேர் வழுக்கிற இடம் இதுதான், புறாவுக்கு வழியைப் பழக்கோணும் எண்டு நினைக்கிறாங்க. வழி கண்டுபிடிக்கிற வேலை அதுட ரத்தத்திலயே இருக்கு, நாங்க குடுக்க வேண்டியது வீடு.

கோயில் கோபுரத்திலயும் பஸ் ஸ்டாண்ட் கூரையிலயும் குந்திக்கொண்டு இருக்கிற சாதாரண மாடப்புறா, ரேஸ் விடுற ஹோமர், வால் விரிச்சு ஆடுற விசிறிவால், எல்லாம் ஒரே இனம்தான், விஞ்ஞானப் பேர் கொலம்பா லிவியா. மூதாதை பாறைப்புறா. அதைப் பாக்க நாங்க தூர நாட்டுக்குப் போகத் தேவையில்ல, நிலாவெளிக்கு முன்னால கிட்டத்தட்ட 1 கிலோமீட்டர் கடலுக்குள்ள இருக்கிற புறாமலைக்கு அந்தப் பேர் வந்ததே இந்தப் பாறைப்புறாவாலதான். பவளப்பாறை பாக்கப் போற ஆக்கள் தண்ணிக்குள்ளயே முகத்தை வச்சிருக்கிறாங்க, ஒருக்கா தலையை நிமித்தி பாறை வெடிப்புகளையும் பாருங்க. (2003ல இருந்து தேசியப் பூங்கா, அங்கயிருந்து ஒண்டையும் எடுக்கக் கூடாது.) பாறை இடுக்குக்குள்ள குஞ்சு, தீனி எங்கேயோ தூரத்தில. காலமை போன பறவை ஆயிரம் வெடிப்புக்குள்ள தன்ட வெடிப்பைக் கண்டுபிடிச்சு வராட்டி குஞ்சு செத்துரும். வீடு திரும்புற குணம் அப்பிடி வந்தது. மனிசர் செய்ததெல்லாம் நல்லா திரும்புறதுகளைப் பாத்து சோடி போட்டு அந்தக் குணத்தைக் கூட்டினதுதான். அதனால சாதாரண புறாவும் வரும், ஹோமர் அளவுக்குத் தூரமும் வேகமும் இருக்காது, அவ்வளவுதான்.

பெரிய புறா வாங்கினா அதைப் பறக்க விடாதீங்க. சோடி சேத்து அடைச்சு வச்சு குஞ்சு எடுங்க. ரெண்டு முட்டை இடும், 18 நாளளவில பொரிக்கும், தாயும் தகப்பனும் ரெண்டுமே தொண்டைப் பையில சுரக்கிற பாலைக் குடுத்து வளக்கும். ஒரு மாசமளவில குஞ்சு கூட்டை விட்டு இறங்கும். பழக்கம் தொடங்குறது அப்பதான், அதுவும் பறக்க விட்டு இல்ல. கூரைக்கு மேல நாலு பக்கமும் கம்பிவலை அடிச்ச ஒரு கூட்டை வச்சு, குஞ்சுகளைத் தினமும் காலமையும் பின்னேரமும் அதுக்குள்ள விட்டு ரெண்டு கிழமை சும்மா பாக்க விடோணும்.

சும்மா எண்டு சொல்லிட்டன், ஆனா அந்த ரெண்டு கிழமைக்குள்ள நடக்கிறதுதான் இந்த முழுக் கதையிலயும் எனக்கு அதிசயமான பகுதி. 1972ல இத்தாலியில பீசா நகரத்து விஞ்ஞானி ஃப்ளோரியானோ பாப்பியும் அவரோட இருந்தவங்களும் மணம் பிடிக்கிற நரம்பை வெட்டின புறாக்களைப் பழக்கமில்லாத இடத்தில விட்டுப் பாத்தாங்க, வழி தெரியாமப் போயிட்டுது. பிறகு கூட்டுக்கு வாற காத்தைத் தடுப்பு வச்சு வேற பக்கம் திருப்பி குஞ்சு வளத்துப் பாத்தா, விட்டவுடன அதுகள் பறக்கிற திசையும் அதே மாதிரித் திரும்பிப் போச்சு. அதாவது குஞ்சு கூரையில இருந்துகொண்டு எந்தப் பக்கத்துக் காத்தில என்ன மணம் வருது எண்டு எழுதி வைக்குது. எங்கட ஊரில வச்சு யோசிச்சுப் பாருங்க, மேற்க இருந்து கச்சான் காத்து அடிக்கேக்க தம்பலகாமத்து வயலும் காடும் காய்ஞ்ச மண்ணும் மணக்கும், வடகிழக்கு வாடைக்காத்து தொடங்கினா கடல்தான். கந்தளாயில கொண்டுபோய் விட்டா அந்த மணம் மேற்குக் காத்தில வந்த மணம் எண்டு தெரிஞ்சா, வீடு கிழக்க எண்டு முடிவெடுக்கலாம். மணம் தான் எல்லாம் எண்டு ஒத்துக்கொள்ளாத விஞ்ஞானிகளும் இருக்கிறாங்க, அந்த வாதம் இன்னும் முடியேல்ல. எண்டாலும் நாலு பக்கமும் தகரம் அடிச்ச கூட்டில குஞ்சு வளக்கிறவங்களிட்ட நான் கெஞ்சிக் கேக்கிறது, காத்து வர விடுங்க.

அதோட சேத்து ரின் சத்தம். பால்மா ரின்னுக்குள்ள ஒரு பிடி பயறைப் போட்டுக் குலுக்கி, பிறகு தீனி வைக்கோணும், ஒவ்வொரு நாளும், ஒரே மாதிரி. வயிறு நிறைஞ்ச புறா கூரையிலயே குந்திக்கொண்டிருக்கும், அரைப்பசியில இருக்கிறது ரின் கேட்டா நேர உள்ள வரும். கதவும் உள்ள தள்ளினா திறக்கிற, வெளிய தள்ளினா திறக்காத தொங்கு கம்பிக் கதவா இருக்கோணும்.

வீடு எங்க எண்டு தெரிஞ்சா மட்டும் காணாது, திசையும் தெரியோணும். 1953ல குஸ்தாவ் கிராமர் எண்ட ஜெர்மன்காரர் இதை ரெண்டாப் பிரிச்சுச் சொன்னார், முதல்ல மப், அதாவது வீடு எந்தப் பக்கம் எண்டு அறியிறது, பிறகு கொம்பாஸ், அந்தப் பக்கம் எது எண்டு பிடிக்கிறது. (அந்த மனிசன் 1959ல இத்தாலியில மலைப்பாறையில காட்டுப்புறாக் குஞ்சு எடுக்க ஏறி விழுந்துதான் செத்தவர். புறாமலையைப் பாக்கிற நேரமெல்லாம் அவரை நினைப்பன்.) பகல்ல அதுட கொம்பாஸ் சூரியன்தான், ஆனா சூரியன் நகருதே, அதனால உடம்புக்குள்ள ஒரு மணிக்கூடும் வேணும். இதை சோதிச்ச விதம் நல்லா இருக்கும், புறாவை அறைக்குள்ள வச்சு லைட் போட்டு அணைச்சு அதுட மணிக்கூட்டை 6 மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிருவாங்க. மத்தியானம் வெளிய விட்டா அது விடிய 6 மணி எண்டு நினைக்கும், ஜெர்மனியில மத்தியானச் சூரியன் தெற்க நிக்கும், இது அதைக் கிழக்கு எண்டு எடுத்து, தெற்க போக வேண்டியது மேற்க போகும். கிட்டத்தட்ட 90 பாகை பிழை. எங்கட ஊரில இன்னொரு சிக்கல், சித்திரை வருசத்தை ஒட்டியும் ஆவணி நடுவிலயும் மத்தியானச் சூரியன் நேர உச்சந்தலையில, நிழலே விழாது, அதில திசை பாக்கிறது எப்பிடி? நான் அப்பிடியான நாளில 10 மணிக்குப் பிறகு புறா விடுறதில்ல.

மழை முகில் மூடினா? 1971ல அமெரிக்காவில வில்லியம் கீட்டன் புறா முதுகில சின்னக் காந்தம் கட்டி விட்டார். வெயில் நாளில ஒரு பிரச்சினையும் இல்ல, முகில் மூடின நாளில காந்தம் கட்டினது திசை மாறிப் போச்சு. அதாவது சூரியன் இல்லாட்டி பூமியின்ட காந்தத்தைப் பாக்குது. அந்தக் காந்தத்தை உடம்பில எது உணருது எண்டுதான் இன்னும் பிடிபடேல்ல, சொண்டில இருக்கிற இரும்புக் கலம் எண்டு கன காலம் சொல்லிக்கொண்டிருந்தாங்க, 2012ல பாத்தா அது கிருமி தின்னுற சாதாரண ரத்தக் கலம். பறந்து பழகாத குஞ்சுகளுக்கு முகில் நாள் ஆபத்து. மூண்டு வருசத்துக்கு முதல் ஒரு மார்கழியில, வானம் கறுத்துக் கிடக்க, கிட்ட இருக்கிற கன்னியாவைக்கூடத் தாண்டாத ஏழு குஞ்சுகளைக் கந்தளாயில கொண்டுபோய் விட்டன். நாலுதான் வந்தது. அந்த மூண்டும் இப்பவும் மனசில கிடக்கு.

படிப்படியாத்தான் போகோணும். முதல் ஒரு கிலோமீட்டர், பிறகு ரெண்டு, அஞ்சு, கன்னியா, சாம்பல்தீவு, நிலாவெளி, பிறகு மற்றப் பக்கம் சீனன்குடா, கிண்ணியா. ஒவ்வொரு இடத்திலயும் ரெண்டு மூண்டு தரம். பெட்டியை நிலத்தில வச்சு அஞ்சு நிமிசம் வெளியைப் பாக்க விட்டுத் திறந்தா, மேல எழும்பி ரெண்டு மூண்டு வட்டம் அடிச்சு ஒரு பக்கம் நூல் பிடிச்ச மாதிரிப் போகும். 2004ல ஒக்ஸ்போர்ட்டில முதுகில ஜிபிஎஸ் கட்டிப் பாத்ததில, ஒரே இடத்திலயிருந்து திரும்பத் திரும்ப விட்ட புறா ஒவ்வொண்டும் தனக்கெண்டு ஒரு வழி வச்சிருந்தது, ரோட்டையும் வேலியையும் பிடிச்சு, நேர் வழியில்லாட்டியும் அதே வழிதான். பக்கத்துப் புறாட வழி வேற. வல்லூறு அடிக்கிறதை மட்டும் பழக்கித் தடுக்க ஏலாது, கூட்டமா விடுறது கொஞ்சம் உதவும்.

முட்டை அடைகாக்கிற புறா கெதியா வரும். சேவல் காலமை 10 மணிபோல இருந்து பின்னேரம் வரை அடைகாக்கும், மிச்ச நேரமும் ராவும் பேடுதான், அதனால சேவல் அடையில இருக்கிற நேரம் பேட்டைக் கொண்டுபோகலாம். எங்கட சாம்பல் பேட்டைப் போன மாசம் மூதூர் கரையில ரெண்டரை மணிக்கு விட்டன், தம்பி வீட்டில போனோட நிண்டான். நேர கொட்டியாரக்குடாவுக்கு மேலால வந்தா 15 கிலோமீட்டர், கால் மணித்தியாலம் போதும். புறாவுக்குப் பெரிய தண்ணிக்கு மேலால பறக்க விருப்பமில்ல. 35 நிமிசம் கழிச்சு வந்தது, வடிவாப் பாத்தன் எண்டான் தம்பி, கடல் பக்கமில்ல, கிண்ணியாப் பக்கத்தால. ரின்னைக் கூடக் குலுக்கேல்லையாம். கதவைத் தள்ளி உள்ள போய் தண்ணி குடிச்சிட்டு முட்டைக்குப் பக்கத்தில நிண்டது, 4 மணிபோல சேவல் எழும்பி இடம் விட்டுது.